பழைய வார்ஃபெடேல் ஜோடிக்குப் புதுத் தேக்கு வெனீர்: பெயின்ட்டை ஏன் தவிர்த்தேன், வேலை எப்படி அமைந்தது

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் வார்ஃபெடேல் ஸ்பீக்கர் ஜோடியின் மரப்பெட்டிகளுக்குச் சென்ற தை மாதம் புதிதாகத் தேக்கு வெனீர் ஒட்டச் செய்தேன். வெனீர் என்பது மரத்திலிருந்து தாள் போல மெல்லியதாகச் சீவிய இலை. அதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு, பெயின்ட் அடித்துவிடலாமா, வெனீர் ஒட்டலாமா என்று முடிவுக்கு வர முடியாமல் இருந்தேன். வேலை முடிந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. ஒரு கோடையின் வெக்கையையும், ஆடி ஆவணி மழையின் ஈரத்தையும் அந்தப் பெட்டிகள் கண்டுவிட்டன. எனவே வாங்கிய வெனீரைப் பற்றியும் ஒட்டிக் கொடுத்த தச்சரின் வேலையைப் பற்றியும் இப்போது நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

இந்த ஜோடி 1970களின் நடுவில் பெரியப்பா இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. வார்ஃபெடேல் நிறுவனத்தை 1932ஆம் ஆண்டு யார்க்‌ஷயரில் உள்ள இல்க்லி என்ற ஊரில் கில்பர்ட் பிரிக்ஸ் தொடங்கினார். அங்கே ஓடும் வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்குதான் நிறுவனத்துக்குப் பெயரானது. பெட்டியின் பலகை அதிர்ந்தால் இசை கெடும் என்பதில் அவர் கொண்டிருந்த அக்கறை பெரிது; சில பெரிய ஸ்பீக்கர்களுக்கு இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே மணல் நிரப்பி முகப்பு செய்தவர் அவர். எங்களுடையது அந்த வகை அல்ல. மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் பெட்டி செய்து, அதன் மேல் தேக்கு வெனீர் ஒட்டப்பட்ட, அலமாரியில் வைக்கத்தக்க சிறிய ஸ்பீக்கர். இத்தனை ஆண்டுகளில் திருவான்மியூர்க் கடற்காற்றையும், தினமும் தரை துடைக்கும் ஈரத்துணியையும் அது தாங்கி வந்திருக்கிறது. இடப்பக்கப் பெட்டியின் கீழ் மூலை ஈரம் குடித்து உப்பி, பிட்டு போல உதிரத் தொடங்கியிருந்தது. வலப்பக்கப் பெட்டியின் மேல் எப்போதோ வைத்த பூந்தொட்டி கறுப்பு வளையம் ஒன்றை விட்டுச் சென்றிருந்தது. அதன் ஓரமாக வெனீர் இரண்டு விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

முதலில் நான் இரண்டில் எதையும் நினைக்கவில்லை. பழைய வெனீரையே இலேசாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் போதும் என்று எண்ணி, நகரத்தில் உள்ள ஒரு பாலிஷ் கடையில் வலப்பக்கப் பெட்டியைக் கொடுத்தேன். கறுப்பு வளையம் முழுவதும் மறைய வேண்டும் என்ற ஆர்வத்தில் அங்கிருந்தவர் சுழலும் மிஷினை அந்த இடத்திலேயே நிறுத்தித் தேய்த்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தேய்க்கும்போது பறக்கும் தூள் தேன் நிறத்தில் இருக்கும் வரை வெனீர் இருக்கிறது என்று பொருள். அந்தத் தூள் திடீரென்று வெளிறி, சாம்பல் கலந்த மாவு போல மாறியது. மிஷினை எடுத்ததும் உள்ளங்கை அளவுக்குப் பார்ட்டிகிள் போர்டின் பொடிச்சில்லுகள் தெரிந்தன. அந்தக் காலத்து வெனீர் ஒரு மில்லிமீட்டரை எட்டாது; இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். எனவே பழைய வெனீர் நன்றாக ஒட்டியிருக்கிறது, மேலே கறையும் கீறலும் மட்டுமே இருக்கின்றன என்றால், 220ஆம் எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே கையால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கறை வெனீரின் அடிவரை இறங்கியிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் வெனீரும் சேர்ந்து போய்விடும். தூக்கிக்கொண்ட ஓரத்தை மட்டும் ஊசி போட்ட சிரிஞ்சில் பசையைச் செலுத்திக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

அந்த உள்ளங்கை அளவு ஓட்டைக்குப் பிறகுதான் பெயின்ட்டா, வெனீரா என்ற கேள்வியே எழுந்தது. கடைக்காரர் நட்டத்துக்கு ஈடாகப் பாதி விலையில் டுகோ பெயின்ட், அதாவது காருக்கு அடிப்பது போன்ற ஸ்பிரே பெயின்ட், அடித்துத் தருவதாகச் சொன்னார். பெயின்ட்டுக்கு நியாயமான வாதங்கள் உண்டு. உப்பிய மூலையைச் செதுக்கி, எபாக்ஸிப் பசையால் கெட்டிப்படுத்தி, பட்டி பார்த்துவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது. செலவு ஏறத்தாழப் பாதிதான் ஆகும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மங்கலான கறுப்பு நிறப் பெட்டிகள் பார்ப்பதற்கும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் தேக்கு வெனீரின் மேல் பெயின்ட் அடிப்பதில் இருக்கும் சிக்கல்களை விசாரிக்க விசாரிக்க என் மனம் மாறியது. தேக்கின் ரேகைகளில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றை நிரப்பிச் சமன் செய்யாவிட்டால் எத்தனை கை பெயின்ட் அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரியும். அந்த மரத்திலேயே எண்ணெய்த்தன்மை இருப்பதால் முதலில் தின்னரால் துடைத்து, அரக்கு வார்னிஷ் ஒரு கை கொடுத்துத் தடுப்பு ஏற்படுத்த வேண்டும். வீட்டில் பல ஆண்டுகளாக மரச்சாமான் ஸ்பிரே அடித்துத் துடைத்திருந்தால் அதிலுள்ள சிலிக்கான் பெயின்ட்டை ஒட்டவிடாமல் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். இவற்றையெல்லாம் செய்து முடித்தாலும், பலகைகள் சேரும் இடங்கள் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப அசைவதால், இரண்டொரு பருவங்களில் அந்தச் சேர்மானக் கோடு பெயின்ட்டின் மேல் முடி போல எழுந்து வரக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரேகைகளுக்குள் பெயின்ட் இறங்கிவிட்டால் மனம் மாறினாலும் அந்தத் தேக்கைத் திரும்பப் பெற முடியாது.

பெயின்ட் எங்கே பொருந்தும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் தங்கையின் வீட்டில் இருக்கும் ஜோடி, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் மர ரேகை அச்சிட்ட வினைல் தாள் ஒட்டியது. தட்டிப் பார்த்தால் வெனீரும் வினைலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும்; ஆனால் ஒரே முடிச்சு, ஒரே வளைவு இரண்டு பக்கங்களிலும் அச்சுப்பிசகாமல் திரும்ப வருவதைப் பார்த்தால் அது மரம் அல்ல என்பது விளங்கிவிடும். வினைலின் மேல் வெனீர் ஒட்டினால் நிலைக்காது. ஹீட் கன் காட்டி அந்தத் தாளை உரித்து, ஓரங்களுக்குப் பிரைமரைக் கூடுதலாகக் கொடுத்து, தங்கை கரும்பச்சை பெயின்ட் அடிக்கச் செய்தாள். அது மிகச் சரியான முடிவு. இன்றும் அழகாக இருக்கிறது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பி.பி.சி. 1970களில் வடிவமைத்து, ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்த எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர். மெல்லிய பிர்ச் பிளைவுட் பெட்டியும் அதன் உட்புறத்து அதிர்வுத் தடுப்பும் அந்த வடிவமைப்பின் பகுதியாகவே கணக்கிடப்பட்டவை. அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் பெயின்ட் டப்பாவை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெனீர் பழுதானாலும் பழுதான இடத்தை மட்டும் சரிசெய்வதே முறை.

வெனீர் என்று முடிவான பிறகு எந்த வெனீர் என்பதுதான் உண்மையான கேள்வி. பிளைவுட் கடைகளில் வெனீர் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது 8 அடிக்கு 4 அடி அளவில், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனில், மெல்லிய பிளைவுட்டின் மேல் தேக்கு ஒட்டிய தகடு. அலமாரிக் கதவுக்கு அது நல்ல பொருள். ஸ்பீக்கர் பெட்டிக்கு அது பொருந்தாது. நான்கு பக்கமும் 4 மில்லிமீட்டர் கூடும்போது முன்பக்கச் சட்டம் தடித்துப்போகிறது. வெட்டிய ஓரத்தில் பிளைவுட்டின் அடுக்குகள் வரியாகத் தெரிகின்றன. அதை மறைக்கப் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டி அடித்தால் முகமே வேறாகிவிடுகிறது. மைக்கா ஒட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அதன் கறுத்த ஓரக்கோட்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேண்டியது தனி இலையாக வரும் வெனீர். அதிலும் இரண்டு வகை உண்டு. வெறும் இலை மலிவானது. ஆனால் அப்பளம் போல நெளிந்து, ரேகையோடு பிளந்துகொள்ளும். பின்புறம் மெல்லிய துணி போன்ற தாள் ஒட்டிய இலை சற்று விலை கூடியது. சுருட்டி எடுத்து வரலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம். நான் இந்த இரண்டாம் வகையை வாங்கினேன்.

ஜோடிக்குத் தேவைப்பட்டது ஐந்து சதுர அடிக்கும் குறைவு. நான் பத்து சதுர அடி வாங்கினேன். இதை வீண் செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு இலைகளைக் கேட்டு வாங்கினால்தான் இரண்டு பெட்டிகளும் உடன்பிறந்தவை போல அமையும். மேலும், ஒரு பக்கம், மேல்பலகை, மறுபக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நீளத் துண்டிலிருந்து வரிசையாக வெட்டினால் ரேகை ஒரு பக்கத்தில் ஏறி, மேலே படர்ந்து, மறுபக்கத்தில் இறங்கும். கடைக்காரர் பொறுமையாகப் பன்னிரண்டு இலைகளைத் தரையில் விரித்துக் காட்டினார். அந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

தச்சு வேலையைச் செய்தவர் அறுபது வயதைக் கடந்தவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள இருக்கிறத எல்லாம் கழட்டிக் குடுத்துருங்க சார். தூசி போச்சுன்னா பாட்டு கரகரங்கும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அதே காரணத்தால், பாலிஷ் வேலையில் வழக்கமாகப் பயன்படுத்தும் இரும்புப் பஞ்சை ஸ்பீக்கர் இருக்கும் அறையிலேயே எடுக்கக் கூடாது. அதன் துகள்களைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். வயர்களின் சிவப்பு, கறுப்பு முனைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினேன்.

பழைய வெனீரை அவர் முழுவதும் உரிக்கவில்லை. கெட்டியாக ஒட்டியிருந்த பகுதிகளைத் தின்னரால் துடைத்து, 120ஆம் எண் தாளால் சொரசொரப்பாக்கி அப்படியே விட்டார். தூக்கிய பகுதிகளை மட்டும் உரித்துப் பட்டியால் சமன் செய்தார். உதிர்ந்த மூலையை உளியால் நல்ல பகுதி வரை செதுக்கி, எபாக்ஸியில் மரத்தூளைப் பிசைந்து அடைத்து, ஒருநாள் கழித்து நேர்கோட்டில் அராவினார். அதன் பின் பெட்டியிலும் இலையின் பின்புறத்திலும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, கைக்கு ஒட்டாத அளவுக்கு உலரவிட்டார். காய்ந்த பசை சூட்டில் மறுபடியும் இளகும் என்பதே இந்த முறையின் சூட்சுமம். இலையைப் பொருத்தி, மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினார். சூடு பட்ட இடத்தைத் தொடர்ந்து மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு நகத்தால் தட்டிக் கேட்டார். ஒட்டிய இடம் கெட்டியாக ஒலித்தது. ஒட்டாத இடம் காய்ந்த இலையைத் தட்டியது போலப் பொத்தலாக ஒலித்தது. அப்படி நான்கு இடங்களைக் கண்டுபிடித்து மறுபடியும் சூடு காட்டினார். மேல்பலகையைக் கடைசியாக ஒட்டியதால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சேர்மானம் படுவதில்லை. முன்பக்கச் சட்டத்தின் குறுகிய பட்டைகளை மூலைகளில் சாய்வாக வெட்டிச் சேர்த்திருக்கும் விதம் இந்த வேலையின் சிறந்த பகுதி. எட்டு மூலைகளில் ஏழில் முடி நுழையாது.

மேற்பூச்சுக்கு மெலமைன் என்ற ரசாயனப் பூச்சு வேண்டாம் என்று, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பழைய முறைப் பாலிஷைக் கேட்டேன். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இது வெள்ளை பூத்துவிடும். அதனால்தான் மழை ஓய்ந்து தை பிறக்கும் வரை காத்திருந்தோம். வெனீர், பாலிஷ், ஆறு நாள் கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் ஆனது. சந்தையில் இந்த ஜோடியை விற்றால் அதைவிட மிக அதிகமாகக் கிடைக்காது என்பதும் உண்மை. விற்பதற்காகச் செய்கிறவர் இந்தச் செலவுக்குள் இறங்க வேண்டியதில்லை. வீட்டில் வைத்துக் கேட்கப் போகிறவருக்கு இந்தத் தொகை தகும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலியில் மாற்றம் உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். அரை மில்லிமீட்டர் இலை பெட்டியின் ஒலியை மாற்றாது. என் காதுக்கு வீணையின் கீழ்த்தந்தி முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம், திரும்பப் பூட்டும்போது தளர்ந்திருந்த திருகாணிகளை இறுக்கி, காற்றுக் கசிந்த ஓரத்தில் புது ஃபோம் பட்டை வைத்ததுதான்.

குறைகளும் உள்ளன. புதுத் தேக்கு முதல் மாதத்தில் பச்சையும் வெளிர் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது பொன்னிறத்துக்கு வந்திருக்கிறது என்றாலும், ஜன்னல் பக்கம் இருக்கும் பெட்டி ஒரு படி முந்திவிட்டதால் மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி வைக்கிறேன். எட்டாவது மூலையில், சரியாக அந்த உதிர்ந்த இடத்துக்கு மேல், ஆவணி மழையின்போது கட்டைவிரல் நகமளவு வெனீர் தூக்கியது. தச்சரை அழைக்க வேண்டியிருக்கவில்லை. நானே துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அரை நிமிடம் வைத்து அழுத்தினேன், படிந்துவிட்டது. ஓரத்தில் பிய்ந்திருந்த சிறு செதிலுக்கு மட்டும் மீதி இலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். மிச்சமுள்ள நான்கு சதுர அடியை இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்துப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அதே மரத்தின் இலை இனிமேல் எந்தக் கடையிலும் கிடைக்காது.