தண்ணீர் குடிக்காத பூனையும் வேலூர் வெயிலும்

பூனைக்கு எந்தத் தீவனம் நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் கம்பெனி பெயர் எதுவும் சொல்வதில்லை. உங்கள் பூனை ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலோர் விழிக்கிறார்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் செவலை என்றொரு கடுவனும் மைனா என்றொரு பெட்டையும் இருக்கின்றன. சில வருடங்களாக இரண்டுக்கும் தீனி வைத்து, மண் அள்ளிப்போட்டு, ஊசிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எனக்குத் தேறிய முடிவு ஒன்றுதான்: இந்த ஊரில் தீவனத்தை விடத் தண்ணீர்தான் பெரிய கவலை. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு உண்டு. அந்தப் பட்டியலில் தண்ணீர் குடிக்காத பூனையையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

பூனையின் முன்னோர்கள் பாலைவனப் பக்கத்துக் காட்டுப்பூனைகள். அதனால் அதற்குத் தாகம் எளிதில் எடுப்பதில்லை. இரையின் உடம்பிலுள்ள ஈரத்தையே நம்பி வாழும் பிராணி அது. எலியின் உடம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பாக்கெட்டில் வரும் உலர் தீவனத்திலோ பத்து சதவீதம் இருந்தால் அதிகம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலும் குடிப்பதிலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 200 மில்லி அளவுக்குத் தண்ணீர் போக வேண்டும். நாற்பது டிகிரி தாண்டும் கத்திரி வெயிலில் உலர் தீவனத்தை மட்டும் வைத்துவிட்டு, ஓரமாகக் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தாயிற்று என்று இருந்தால் கணக்கு உதைக்கும்.

எங்கள் வீட்டில் உதைத்தது ஒரு சித்திரை மாதத்தில். செவலை சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மண்தொட்டியில் ஏறிக் குந்துவான், முக்குவான், ஒன்றும் வராமல் இறங்குவான். சற்று நேரத்தில் மறுபடி ஏறுவான். நடுநடுவே பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தான். தொட்டியின் ஓரத்தில் ஒற்றை ரூபாய் அளவுக்கு ஈரம், அதிலும் லேசாகச் சிவப்பு. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மலச்சிக்கல்தான் தம்பி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் ஊற்றிவிடு, சரியாகிவிடும்" என்றார். அடிவயிற்றில் கை வைத்தால் எலுமிச்சம்பழம் போல் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது, தொட்டதும் கத்தினான். மலச்சிக்கலுக்கு இப்படிக் கத்த மாட்டான் என்று தோன்றியதால், கூடையில் போட்டு ஆட்டோ பிடித்தோம்.

சிறுநீர்க்குழாய் அடைப்பு. கடுவனுக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல்; உப்புப் படிகங்கள் திரண்டு வந்து அடைத்துக்கொள்கின்றன. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மயக்க ஊசி போட்டு, மெல்லிய டியூப் செருகி, சலைன் விட்டுக் கழுவினார் டாக்டர். "ஆண் பூனை முக்கி முக்கி ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்" என்றார். பூனைக்கான அந்த மெல்லிய டியூப் எல்லாக் கிளினிக்கிலும் இருப்பதில்லை. யாரிடம் இருக்கிறது என்று பூனை நலமாக இருக்கும்போதே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு தட்டு மாறியது. சில வாரங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த சிறுநீர்ப்பைத் தீவனம். பிறகு, அவரைக் கேட்டுக்கொண்டு, காலையில் ஒரு பிடி பாக்கெட் தீவனம், மாலையில் வேகவைத்த கோழி. கோழிக்கடை பாயிடம் தோல் நீக்கிய தொடைக்கறியும் இதயமும் வாங்குகிறேன். உப்பு இல்லை, மஞ்சள் இல்லை. வெங்காயமும் பூண்டும் கிட்டவே வரக் கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் கறியோடு பிசைந்து கஞ்சிப் பதத்தில் வைக்கிறேன். இதில் லாபம் இரண்டு. குடிக்க மறுக்கும் தண்ணீர் தானாக உள்ளே போகிறது. பூனைக்கு அத்தியாவசியமான டாரின் என்ற சத்து வேகும்போது தண்ணீரில் கரைந்துவிடும், அதுவும் வீணாவதில்லை. டாரின் குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பெருத்துத் தளரும். அமெரிக்காவில் இந்த இதய நோய் வந்த வீட்டுப் பூனைகளுக்குத் தீவனத்தில் டாரின் போதாததே காரணம் என்று 1987-இல் கண்டறிந்த பிறகுதான் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின.

கோழி மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். எலும்பில்லாத கறியில் கால்சியம் போதாது. அதனால்தான் பாக்கெட்டை முழுதாக நிறுத்தவில்லை. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும், அதைப் போடவே கூடாது. ஈரல் மலிவு என்று தினமும் வைத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். கருவாட்டில் உப்பு. பச்சை மத்தி தொடர்ந்து போட்டால் தயமின் என்ற வைட்டமின் பி1 குறையும்.

"அந்தக் காலத்துப் பூனைகள் பால்சோறு தின்றுதானே வளர்ந்தன?" என்பார் அம்மா. அந்தப் பூனைகள் இரவெல்லாம் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றன. பால்சோறு அவற்றுக்குப் பலகாரம். கதவடைத்த வீட்டில் வளரும் பூனைக்கு அதுவே சாப்பாடானால் வயிற்றுப்போக்குத்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை.

ஊர் ஊராக ஜனங்கள் வைத்தியத்துக்கு வந்து இறங்கும் ஊர் இது. தெருவுக்குத் தெரு மருந்துக்கடை. அதனாலேயே ஒரு எச்சரிக்கை: பூனைக்கு உடம்பு சுட்டால் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கு மிச்சம் பிடிப்பதும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வரும்.

தடுப்பூசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போட்டே ஆக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. பிறகு ஒரு வயதில். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பக்கத்து ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாராகிறது. ஆடு, மாடு, கோழிக்கெல்லாம் உண்டு. நம் பூனைக்கான ஊசிக்குத்தான் கிளினிக்கில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குட்டிகளை வாந்தியும் பேதியுமாக வாரிக்கொண்டு போகும் பான்லுகோபீனியா கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூடத் தங்கும். அதனால் குட்டி செத்த வீட்டில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

சில்லறை விஷயங்கள்: மைனாவின் தாடையில் கறுப்புப் பொடியாகப் பரு வந்தது, பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டு வைத்ததும் அடங்கியது. வால் ஓரத்தில் அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. புழு மருந்தோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால்தான் திரும்ப வராது. ஆற்று மணல் இப்போது பாலாற்றங்கரைக்காரனுக்கே எட்டாத பொருளாகிவிட்டதால் பெண்டோனைட் மண்ணுக்கு மாறினோம். காசு அதிகம்தான். ஆனால் சிறுநீர் பட்ட இடம் கட்டியாக இறுகுவதால், எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று தினமும் பார்த்துவிடலாம். எனக்கு அதுதான் பெரிய வசதி.

தண்ணீருக்கு மண்சட்டிதான் சரிப்பட்டது. அதுவும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் செவலை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மாடிப்படிக்குக் கீழே வைத்தால் குடிக்கிறான். பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால் அது நாய் இரைப்பது போன்றதல்ல, உடனே டாக்டரிடம் போக வேண்டும். சளி பிடித்து மூக்கடைத்தால் வாசனை தெரியாமல் தின்ன மறுக்கும். கறியை லேசாகச் சூடாக்கி வைத்தால் பெரும்பாலும் வாய் வைக்கும். அதற்கும் மசியாமல் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும். நாளைக்குத் தின்றுவிடும் என்று அம்மா இன்றும் சொல்வார். நான் கூடையை எடுத்துவிடுவேன்.