போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர்: பல வருஷ அனுபவம்

தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் நிலம். தக்காளி, பீன்ஸ், பருவம் பார்த்துச் சாமந்தி. தண்ணீர் முழுக்க ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான், போர் என்போம். ஆயிரம் அடியைத் தொடும் ஆழம், தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார். அந்த மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டுகிற பெட்டியை எங்கள் ஊரில் எல்லோரும் மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். அது மோட்டார் சுவிட்சுகள் இருக்கும் எங்கள் பேனல் போர்டில் பல வருஷமாக இருக்கிறது. இப்போது ஓடுவது இரண்டாவது பெட்டி. வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டே மோட்டார் போடலாம் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், அதன் பாதிப் பயன்கூடக் கைக்கு வராது. நிற்க வேண்டிய நேரத்தில் மோட்டார் நிற்கிறதே, வரவு அங்கேதான்.

வாங்கத் தூண்டியது என்னவோ ராத்திரி நடைதான். விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், ஆனால் மூன்று பேஸும் சேர்ந்து எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. நள்ளிரவில் வந்தால் டார்ச்சும் தடியும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வரப்பில் கட்டுவிரியன், கண்ணாடிவிரியன். பாலக்கோடு, பஞ்சப்பள்ளி, மாரண்டஹள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கு யானை பயமும் உண்டு, அதை நான் விளக்க வேண்டியதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். அதில் பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். மோட்டார் போடப் போனவர்கள் அதில் எத்தனை பேர் என்று யாரும் தனியாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் விவசாயி வீட்டில் பிறந்த எவருக்கும் அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்கே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

பெட்டி செய்யும் வேலை எளிமையானது. உள்ளே ஒரு சிம். உங்கள் நம்பரையும் வீட்டில் இன்னும் இரண்டு மூன்று பேர் நம்பரையும் அதில் பதிந்துவைக்கிறோம். கூப்பிட்டால் தமிழில் பேசும்: கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மூன்று பேஸிலும் எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்ஸ், அதாவது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். ஒரு எண்ணை அழுத்தினால் ஆன், இன்னொன்றை அழுத்தினால் ஆஃப். கரண்ட் வந்தாலும் போனாலும் அதுவே கூப்பிட்டுச் சொல்லும். ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. பட்டன் போன் மட்டுமே பழகிய என் அம்மாவும் இதைச் சிரமமில்லாமல் பயன்படுத்துகிறார். புதுப் பெட்டிகள் செயலியோடு வருகின்றன, படம் படமாகக் காட்டுகின்றன. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தக் குரலே போதும்.

இப்போது ஆம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி வாங்கும் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே பாறைப் பூமி. போரில் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகக் கசிந்து ஊறி வர வேண்டும். கோடையில் ஒரு மணி நேரம் இறைத்தால் தண்ணீர் மட்டம் பம்ப் உறிஞ்சும் இடம்வரை இறங்கிவிடும், பிறகு காற்றும் தண்ணீரும் கலந்து விட்டுவிட்டு வரும். சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சியே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் சூடேறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றான காயில் கருகும். தண்ணீரைத் தூக்கும் பாரம் குறையும்போது மோட்டார் இழுக்கும் ஆம்ஸும் குறையும். இந்தக் குறைவைப் பார்த்துத்தான் பெட்டி மோட்டாரை நிறுத்துகிறது. டிரை ரன் கட் என்பது இதுதான். நன்றாகத் தண்ணீர் வரும்போது எத்தனை ஆம்ஸ் ஓடுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு இறங்கினால் நிற்கிற மாதிரி நாங்கள் வைத்திருக்கிறோம். நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கலாம். உங்கள் போர் ஊறும் வேகத்துக்கு ஏற்றபடி அது மாறும். மாசியில் வைத்ததைச் சித்திரையில் மாற்ற வேண்டியிருக்கும், ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடியும். கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன அளவிலேயே வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள்தான் "பெட்டி இருந்தும் காயில் போச்சு" என்கிறார்கள்.

ஒரு பேஸ் போய் மற்ற இரண்டில் மோட்டார் திணறுவதும் இங்கே வாடிக்கை. மீதி இரண்டு பேஸிலும் ஆம்ஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் காயில் எரியும். பெட்டி அதையும் கண்டு நிறுத்துகிறது. ஆயிரம் அடியிலிருந்து பைப்பும் கேபிளும் மோட்டாருமாக ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெட்டியின் விலை ஒன்றுமில்லை. மோட்டார் வெளியே இருக்கும் நாட்களில் காயும் பயிர் வேறு.

எங்களுக்கு மோட்டார் பார்க்கும் மெக்கானிக்கின் தொழிலையும் இந்தப் போன் மாற்றிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கோளாறு என்றால் பாலக்கோடு போய், அவர் கடையில் இல்லாவிட்டால் வேறு ஊருக்குத் தேடிப் போய், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வருவோம். இப்போது பேனல் போர்டை வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும். "அண்ணா, காண்டாக்டர் கரகரன்னு சத்தம் போடுது பாருங்க, அதுல தூசி அடைச்சிருக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டுத் தொடச்சுப் பாருங்க, நான் வரவேண்டியதில்ல" என்பார். காண்டாக்டர் என்பது மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச். வந்தால் கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்கிறவரைத்தான் பெரிய வேலைக்கும் கூப்பிடுகிறோம். எங்கள் ஊரிலிருந்து அவருக்குப் போகும் வேலை இப்போது முன்பைவிட அதிகம். வரும்போதே சரியான சாமானோடு வருகிறார், அதனால் ஒரே நாளில் மூன்று நான்கு தோட்டம் பார்க்க முடிகிறது. உதிரிப் பாகத்துக்கு முன்பணம் யூபிஐயில் போய்விடுகிறது. கடன் நோட்டும் இல்லை, கசப்பும் இல்லை.

குறை என்றால் முதல் குறை சிம்தான். தொடக்கத்தில் ஒருமுறை காசு போட்டால் இன்கமிங் வந்துகொண்டே இருந்தது. 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தது, அப்புறம் தொகை ஏறிக்கொண்டே போனது. பேனல் போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சிம்முக்கு டேட்டா எதற்கு? ஆனாலும் டேட்டாவோடு சேர்ந்த பேக்கைத்தான் போட வேண்டியிருந்தது. குரல் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது, 2025 ஜனவரியில் அவை வந்தன. நீண்ட நாள் செல்லும் அந்தப் பேக்கைப் போட்டுவிட்டால் நடு வெயிலில் செல்லுபடி முடிந்து பெட்டி ஊமையாகும் தொல்லை இல்லை. இன்னொன்று, பழைய 2ஜி பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜியே கிடையாது. இனி வாங்குகிறவர்கள் 4ஜி பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் எந்த சிக்னல் நிற்கிறது என்பதை ஸ்டார்ட்டர் ரூமுக்குள் நின்று பாருங்கள், வெளியே நின்று அல்ல. தகரக் கூரைக்குள் பாதி சிக்னல் போய்விடும். ஆன்டெனாவை வெளியே எடுத்துக் கட்டியதில் எங்களுக்குச் சரியானது.

மலிவான சில பெட்டிகள் எந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலும் மோட்டாரைப் போட்டுவிடும். லோன் வேண்டுமா என்று யாரோ கூப்பிட்டு உங்கள் போர் ஓட வேண்டுமா? பதிந்த நம்பருக்கு மட்டுமே கேட்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் அசைக்க முடியாத ஒரு விதி உண்டு. பேனல் போர்டிலோ போர் வாயிலோ கேபிளிலோ கை வைப்பதற்கு முன் மெயினை இறக்கி ஃபியூஸ் கேரியரைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நாளில் மோட்டார் போடுகிறவர் பக்கத்திலேயே நின்றார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். இப்போது ஓசூரில் வேலையில் இருக்கும் தம்பிகூட ஆன் செய்ய முடியும். அவனுக்குத் தோட்டத்தில் யார் குனிந்திருக்கிறார்கள் என்று தெரியாது. இதைப் பெட்டி விற்கிறவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இது.

தக்காளி விற்பதிலும் போன் கூட இருக்கிறது. எங்களுக்குப் பாலக்கோடு மார்க்கெட்டும் போகலாம், ராயக்கோட்டையும் போகலாம். காலையில் இரண்டு இடத்திலும் தக்காளிப் பெட்டி என்ன விலை போகிறது என்று தெரிந்த பிறகுதான் வண்டி கிளம்புகிறது. எடைச் சீட்டுப் படமாக வந்துவிடுகிறது, பணம் கணக்கில் ஏறுகிறது. வியாபாரிக்கும் நல்லது: எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பெட்டி வரும் என்று முதல் நாளே தெரிந்தால் அவர் லாரி ஏற்பாடு செய்ய முடிகிறது. ஆனால் போன் விலையைச் சொல்லும், விலையை ஏற்றாது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும் இதே தக்காளி, பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விடுவதும் இதே தக்காளி. பழுத்ததை ஓரிரு நாள் தள்ளிப் பறிக்கலாம், அதற்கு மேல் தள்ள முடியாது. போன் இருந்தால் விவசாயி பணக்காரன் ஆகிவிடுவான் என்று மேடையில் பேசுகிறவர்கள் விலை விழுந்த ஒரு காலையில் மண்டியில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது ஆட்டோ மோடு. கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும், மறுபடி வந்தால் ஓடும். எங்கள் சுற்று வட்டாரத்தில் நிறையத் தோட்டங்களில் இப்படித்தான் போட்டுவைத்திருக்கிறார்கள். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை, நடந்து போகும் சிரமமும் இல்லை, ஆகவே போரை யாரும் நினைப்பதே இல்லை. பயிருக்கு வேண்டுமோ வேண்டாமோ, தண்ணீர் ஓடுகிறது. பக்கத்துப் போரும் நம் போரும் ஒரே பாறை வெடிப்பிலிருந்து குடிப்பவை. அவர் ஆயிரம் அடியில் இழுத்தால் நாம் ஆயிரத்து இருநூறுக்குப் போகிறோம், அவர் அதற்குக் கீழே. நாங்கள் ஆட்டோவை எடுத்துவிட்டு டைமர் வைத்திருக்கிறோம். சொட்டுநீர் போட்ட வயலுக்குக் கணக்கான நிமிஷம் ஓடி நிற்கும். மழை பெய்தால் வீட்டிலிருந்தே நிறுத்திவிடுவோம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் இருக்கிறது. அதையும் இந்தப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால்தான் தண்ணீர் மிஞ்சும். வாய்க்கால் பாசனத்தில் பெட்டியை மட்டும் மாட்டினால் போர் இன்னும் சீக்கிரம் வற்றும். நான் பார்த்தே சொல்கிறேன்.

விலை நான்காயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. டிரை ரன் அளவை நாமே மாற்ற முடிகிறதா, தமிழில் ஆம்ஸ் சொல்கிறதா, கோளாறு வந்தால் பாலக்கோட்டிலோ தர்மபுரியிலோ பார்க்க ஆள் இருக்கிறதா, இந்த மூன்றையும் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். எங்கள் முதல் பெட்டியை விற்ற கடை, கோளாறு வந்தபோது கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி வாரக்கணக்கில் இழுத்தடித்தது. அந்தக் கோடையில் மறுபடி டார்ச் தூக்கினோம். செல்போனில் இயங்கும் பம்புசெட் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியத் திட்டம் உண்டு. இந்த ஆண்டு எவ்வளவு, யாருக்கு என்பதை உங்கள் கோட்டத்து உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு போனால் தர மாட்டார்கள், விண்ணப்பம் முதலில்.