செட்டிநாட்டு வீட்டில் கழிவுநீர் அடைப்பு: ஏழு வருட அனுபவம்

2018 பிள்ளையார் நோன்பன்று எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் பங்காளிகள் எல்லாருமாகச் சேர்ந்து முப்பது பேர் இருந்தோம். இழை எடுக்கிற நோன்புச் சடங்கை முடித்து, சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரத்தில் இரண்டாம் கட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்குகிற நாணி ட்ராப் வழியாகவும் அதே தண்ணீர் பொங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பரவியது. என் மாமியாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வாளியும் துடைப்பமுமாக அவர் வந்து நின்ற கோலத்தை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே இந்தக் குழாய் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, எப்போது என்ன செய்தோம், எது பலன் தந்தது என்று எழுதி வருகிறேன். அதற்குப் பிறகு இந்த ஏழு வருடத்தில் இரண்டே முறைதான் அடைத்தது. இரண்டையும் ஆள் கூப்பிடாமல் நாங்களே சரி செய்துகொண்டோம்.

மறுநாள் காரைக்குடியிலிருந்து வந்த பிளம்பர் தம்பி மூங்கில் பத்தையை விட்டுக் குத்தி இழுத்தார். முழங்கை நீளத்துக்குப் புரி திரித்த கயிறு மாதிரி ஒன்று வந்தது. தண்ணீர் ஊற்றிப் பிரித்துப் பார்த்தால் தலைமுடி, குழந்தைகளுக்குத் துடைக்கிற வெட் வைப்ஸ், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போலக் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. “ஆச்சி, இது நேத்து வந்த அடைப்பு இல்ல. வருசக்கணக்காச் சேந்தது. நேத்து ஆள் கூடுனதால தெரிஞ்சிருச்சு” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. இங்கே பாதி வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், நோன்பு, பொங்கல் என்று திறக்கும்போது ஒரே நாளில் ஐம்பது பேர், நூறு பேர். அத்தனை தண்ணீரும் ஒரே நான்கு இஞ்சுக் குழாயில் இறங்க வேண்டும். வீடு கட்டிய காலத்தில் உள்ளே கழிப்பறையே கிடையாது. பின்னால் வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குழாயை ஓட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கழிப்பறை இரண்டாம் கட்டில், செப்டிக் டேங்க் தோட்டத்தில். நடுவில் அறுபது அடி.

நான்கு இஞ்சுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டம் வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றரை அடி இறக்கம் தேவை. டியூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது முக்கால் அடிதான் இருந்தது, அதுவும் நடுவில் குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கி நின்றது. போதாததற்கு இரண்டு இடத்தில் 90 டிகிரியில் திரும்புகிற நேர் எல்போ போட்டு மடக்கியிருந்தார்கள். திறந்து பார்க்க ஒரு மூடிகூட இல்லை. 2019-இல் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தோண்டி மாற்றினோம். திரும்புகிற இடத்தில் நேர் எல்போவுக்குப் பதிலாக 45 டிகிரி பெண்ட் இரண்டு, கழிப்பறையிலிருந்து இறங்குகிற இடத்தில் மூடி வைத்த டோர் பெண்ட், வழியில் திறந்து பார்க்க மூடி வைத்த நான்கு சேம்பர். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது. இந்த ஏழு வருடத்தில் செய்த செலவில் இது ஒன்றுக்குத்தான் முழு மனதோடு நூற்றுக்கு நூறு மதிப்பெண் போடுவேன். சேம்பர் இருந்தால் எந்த இரண்டு மூடிக்கு நடுவில் அடைப்பு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேல் மூடிக்குள் தண்ணீர் நிற்கிறது, அடுத்த மூடிக்குள் காய்ந்து கிடக்கிறது என்றால் கோளாறு இடையில்தான்.

அடுக்களைப் பக்கம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டது. மாமியார் இளவயதில் பாத்திரம் கிணற்றடியில்தான் கழுவுவார்களாம். சாம்பலும் புளிச் சக்கையும் போட்டுத் தேய்த்த தண்ணீர் நேரே வாழைக்குப் போகும். சோறு வடித்த கஞ்சி, அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் கழுநீர்ப் பானைக்கு, அங்கிருந்து மாட்டுக்கு. குழாய்க்குள் போக எதுவும் மிஞ்சாது. நாங்கள் சிங்க் வைத்த பிறகு அத்தனையையும் அதற்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தோம். கஞ்சி ஆறினால் பசை. அதில் தோசை மாவு, குழம்பு எண்ணெய், கறிவேப்பிலை, தேங்காய் நார் சேர்ந்தால் என்ன ஆகும்? இப்போது கஞ்சி மறுபடி பானைக்கே போகிறது, பக்கத்து வீட்டில் பசு வைத்திருப்பவர்கள் தினமும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியையோ வெந்நீரையோ பிவிசி குழாயில் ஊற்றக் கூடாது. குழாய் இளகி, ஜாயிண்ட் விட்டுப்போகும். கை பொறுக்கிற சூடு போதும்.

சிங்க்குக்கு வெளியே கொத்தனாரை வைத்து ஒரு எண்ணெய்ப் பிடி தொட்டி கட்டினோம். இரண்டடிக்கு ஒன்றரை அடி, நடுவில் ஒரு தடுப்பு. தண்ணீர் உள்ளே வந்து நிதானப்படும்போது எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுத் தண்ணீர் மட்டும் உள்ளே முங்கியிருக்கிற குழாய் வழியாக வெளியேறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் கலந்த வெள்ளையில் ஆடை போலப் படிந்திருக்கும். பழைய ஜல்லிக்கரண்டியால் அள்ளினால் வெண்ணெய் மாதிரி வரும். பலகாரம் சுடுகிற மாதங்களில், மணகோலமும் சீப்புச் சீடையும் போடும்போது, வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். நாற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த ஆடை முன்பு முழுக்கக் குழாய்க்குள் போயிருக்கிறது என்று நினைத்தால் அள்ளுகிற சிரமம் தெரியாது. அடுக்களைத் தண்ணீரை செப்டிக் டேங்கில் சேர்க்கவில்லை. தொட்டியைத் தாண்டி வாழைப் பாத்திக்குப் போகிறது.

இருந்தாலும் சட்டியையும் தோசைக்கல்லையும் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுவதை நிறுத்தவில்லை. தொட்டியைவிட அதுதான் பெரிய காவல்.

குளியலறைக்கு எவர்சில்வர் வலைத்தட்டு, நாற்பது ரூபாய். சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் இது அவசியம். பொடியின் சக்கை முடியோடு சேர்ந்து ட்ராப்பின் கழுத்தில் களிமண் மாதிரி உட்கார்ந்துவிடும். எண்ணெய்க் குளியல் நாளில் தட்டை எடுத்து உதறினால் முடிந்தது.

இனி மருந்துகள். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தேன். சோடா உப்பும் வினிகரும் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், சிங்க் வாடை குறையும். அடைப்புக்கு உதவவில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடுகின்றன, பிறகு மிஞ்சுவது தண்ணீர்தான். கடையில் விற்கும் காஸ்டிக் சோடா பொடி முடியையும் பிசுக்கையும் கரைக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்கி நின்ற குழாயில் ஒருமுறை கொட்டிவிட்டேன். அது கரையாமல் அடியில் கல்லாக இறுகி, இருந்த அடைப்போடு இன்னொன்று சேர்ந்தது. அதைவிடப் பயம், அப்புறம் குழாயைக் கழற்றுகிறவர் கையிலும் கண்ணிலும் அந்தத் தண்ணீர் பட்டால் வெந்துவிடும். இப்போது வீட்டில் அதை வைத்துக்கொள்வதில்லை.

ஆசிட் பற்றிச் சொல்லும்போது மனது வலிக்கிறது. நோன்பு முடிந்த வாரத்தில் சுத்தம் செய்ய வந்தவர் கழிப்பறை ஆசிட்டைத் தாராளமாக ஊற்றிவிட்டுப் போனார். அது வாசலைத் தாண்டி வழிந்து ஆத்தங்குடிக் கல்லில் பட்டது. அந்தக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை, சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்ப்பது. ஆசிட் பட்ட நிமிடம் நுரைத்தது. துடைத்தபோது பச்சைப் பூவின் இரண்டு இதழ் வெளுத்து, விரல் வைத்தால் சொரசொரவென்று இருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு வருடக்கணக்கில் தேய்த்தும் பழைய வழவழப்பு வரவில்லை. இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் ஆசிட்டைத் தரைப்பக்கமே விடாதீர்கள். கழிப்பறைப் பீங்கானுக்குள் மட்டும், அதுவும் கொஞ்சமாக. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

செப்டிக் டேங்கில் போடுகிற பாக்டீரியாப் பொடியை ஒன்றரை வருடம் மாதாமாதம் போட்டேன். நிறுத்தி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வேண்டிய நுண்ணுயிர் கழிவிலேயே இருக்கிறது, ஆசிட்டும் பினாயிலும் ஊற்றி அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

கழிப்பறைக்குள் மூடி போட்ட குப்பைத் தொட்டியும் அதன் மேல் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் வைத்த நாளிலிருந்து பெரிய மாற்றம். விருந்தாளி வீட்டில் நாப்கினை எங்கே போடுவது என்று கேட்கப் பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்காமலே கண்ணில் படும்படி வைத்துவிட்டால் பீங்கானுக்குள் போகாது. வெட் வைப்ஸ் பாக்கெட்டில் தண்ணீரில் விடலாம் என்று போட்டிருந்ததால், ஒரு வாளியில் அதையும் இன்னொன்றில் டிஷ்யூ பேப்பரையும் இரவு ஊற வைத்தேன். காலையில் டிஷ்யூ குச்சியால் கலக்கினதும் கஞ்சியானது. வைப்ஸைப் பிழிந்து கொடியில் காயப்போடலாம் போல இருந்தது.

புது ஃபிளஷ் தொட்டிகளில் இருக்கிற அரை ஃபிளஷ் சுமார் மூன்று லிட்டர்தான். எங்களைப் போல நீளக் குழாய் உள்ள வீட்டில் அது மலத்தைப் பாதி வழியில் விட்டுவிடும். சிறுநீருக்கு அரை, மற்றதற்கு முழுசு, சந்தேகமிருந்தால் பின்னாலேயே ஒரு வாளி. ஃபிளஷ் செய்யும்போது நாணி ட்ராப்பில் களக் களக் என்று சத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம், இல்லை அடைப்பு சேர ஆரம்பித்திருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை குளவி கூடு கட்டியிருந்தது, குழாய் வாயில் கொசுவலை கட்டியதும் தீர்ந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. ட்ராப்பில் நிற்கிற இரண்டு இஞ்சு தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. நம் ஊர் வெயிலில் இரண்டு மாதத்தில் அது வற்றிவிடும். கிளம்புமுன் எல்லா ட்ராப்பிலும் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் போகிறேன். படலம் மூடியிருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. சென்னையில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது வாடையே இல்லை.

சாமான் என்று பார்த்தால் அடியில் மடிப்பு வைத்த ரப்பர் பிளஞ்சர் ஒன்று, பதினைந்து அடி ஸ்பிரிங் ஒயர் ஒன்று போதும். பிளஞ்சரில் அமுக்குவதைவிட இழுப்பதுதான் வேலை செய்கிறது. பக்கத்து ட்ராப்பை ஈரத்துணியால் அடைத்துவிட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் காற்று அந்த வழியில் போய்விடும். இரண்டு அடைப்பில் ஒன்று இதில் விட்டது, இன்னொன்று ஒயரில். வீட்டு நடு முற்றமான வளவில் விழுகிற மழைத்தண்ணீர் வழி தனி. புரட்டாசியிலேயே புறா இறகும் ஓட்டுச் சில்லும் எடுத்துவிட்டால் ஐப்பசி மழைக்குக் கவலை இல்லை. அதைக் கழிவுக் குழாயோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், டேங்க் நிரம்பிக் கழிவு எதிர்த்து வரும்.

டேங்க்கில் சேர்ந்த கழிவை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். நாங்கள் 2019-லும் 2022-லும் எடுத்தோம், அடுத்தது இந்த வருடம். முதல் முறை லாரிக் குழாய் அடிவரை எட்டவில்லை. கூட வந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, சட்டையைக் கழற்றிக்கொண்டு “நான் எறங்கி வாரிடுறேன் ஆச்சி” என்றான். “வேண்டவே வேண்டாம் தம்பி, வெளியே வா” என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்குக்கு வாடையே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான், தூக்கப் போகிறவனும் விழுவான். 2013-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். அடியில் கொஞ்சம் சகதி நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், டேங்க் மறுபடி வேலை செய்ய அது உதவத்தான் செய்யும். லாரிக்கு 14420 என்ற அரசு எண்ணில் கூப்பிடலாம்.

குழாய் போகிற வழியை அளந்து படம் வரைந்து ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போவது கொழுந்தனார் மகன். போன மாதம் அவன் வந்திருந்தபோது அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினேன். மூன்றில் தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது மூடியை மண் மூடியிருந்தது, ஓரத்தில் ஒரு வேப்பங்கன்றும் முளைத்திருந்தது. வேர் ஜாயிண்டுக்குள் போய்விடுமா என்று அவனாகவே கேட்டான். போகும் என்றேன். மண்வெட்டி எடுத்து வந்து, வேரோடு பிடுங்கி, கிணற்றடியில் கொண்டுபோய் நட்டான்.