நாலு மணி நேரக் கரண்ட்டும் ஒரு பழைய திங்க்பேடும்: ஐந்து மாத அனுபவம்

"மீ லாப்பி!" என்று தெருப் பிள்ளைகள் கத்தினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கூனில் தமிழ் வீடானாலும் பர்மிய வீடானாலும் அந்த நேரத்தில் வாயில் வருவது இந்தச் சொல்தான். எங்கள் தெருவுக்கு 4 மணி நேரம் வரும், அப்புறம் 8 மணி நேரம் இருக்காது. வருகிற அந்த நாலு மணிக்குள்ளும் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகும்.

என் பிழைப்பு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் தமிழிலும் பர்மியிலும். பழைய டெஸ்க்டாப்பில் ஒரு பத்திரிகையை மூன்று முறை முதலிலிருந்து அடித்த நாள் உண்டு. பெண் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, இன்னைக்குக் கிடைச்சிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மாதமே லேப்டாப் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது லெனோவோ கம்பெனியின் திங்க்பேட் டி480, செகண்ட் ஹேண்ட். 2018இல் வந்த மாடல். ஐ5-8250யு சிபியு, 4 கோர், 16 ஜிபி ராம். விலை ஒன்பதரை லட்சம் கியாட். இதைத் தேடிப் போனதற்கு ஒரே காரணம், இதில் இரண்டு பேட்டரி. உள்ளே 24 வாட்-மணியில் (ஒரு வாட் வீதம் எடுத்தால் 24 மணி நேரம் வரும் அளவு) ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. பின்னால் மாட்டுவதில் பெரியது 72 வாட்-மணி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

கடையில் பார்க்கும்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான இயங்குதளம்) போட்ட பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதிலிருந்து பூட் செய்யுங்கள். டெர்மினலில் சிஸ், கிளாஸ், பவர் சப்ளை என்று உள்ளே போனால் பேட்-0, பேட்-1 என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு, 'எனர்ஜி ஃபுல்' என்பது இன்று மிஞ்சியிருப்பது. கடைக்காரத் தம்பி "அமா (அக்கா), பேட்டரி புதுசு மாதிரி" என்று சொன்ன பின் பேட்டரியில் டிசைன் 72, மிச்சம் 41. எண்ணைக் காட்டினேன். அவர் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். அதில் 63 இருந்தது. பேரம் பேசிக் குரலை உயர்த்துவதைவிட இந்த இரண்டு எண் வேகமாக வேலை செய்தது.

லினக்ஸில் ஒரு வகையான டெபியன் 12 போட்டேன். அதன் கூடவே வருகிற கெர்னலில், அதாவது மெஷினின் பாகங்களை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளில், எல்லாமே வேலை செய்தது: வைஃபை, சத்தம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான், மூடினால் தூங்குவது எல்லாம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சும்மா திறந்து வைத்திருக்கும்போதே 7.5 வாட் போய்க்கொண்டிருந்தது. அதே பவர் சப்ளை ஃபோல்டரில் 'பவர் நவ்' என்ற கோப்பு மைக்ரோவாட்டில் சொல்லும், பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். உள்ளும் புறமும் சேர்த்து என்னிடம் இருந்தது 84 வாட்-மணி. 7.5 என்றால் 11 மணி நேரம். வேலை செய்யும்போது இன்னும் கூடுதலாகப் போகும். எட்டு மணி நேர இருட்டை ஓட்டிவிடலாம், ஆனால் அடுத்த முறை கரண்ட் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் முடிந்தது கதை. அதனால்தான் கெர்னலையே என் மெஷினுக்கு ஏற்ற மாதிரி கட்டிப் பார்ப்பது என்று இறங்கினேன்.

கெர்னல் 6.12 பதிப்பின் மூலக்கோடை இறக்கினேன். டெபியனின் கான்ஃபிக் கோப்பை (எதையெல்லாம் கட்ட வேண்டும் என்ற பட்டியல்) அப்படியே வைத்துக் கம்பைல் செய்ய, அதாவது மூலக்கோட்டை ஓடும் கெர்னலாகக் கட்ட, 2 மணி 10 நிமிடம் ஆயிற்று, அதாவது ஒரு கரண்ட் நேரத்தில் பாதி. உலகத்தில் உள்ள அத்தனை வைஃபை கார்டுக்கும் பல டிஸ்கைச் சேர்த்து ஓட்டும் அத்தனை ஆர்ஏஐடி கார்டுக்கும் மாட்யூல் (ஒவ்வொரு சாதனத்துக்குமான கெர்னல் துண்டு) கட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒரு வழி இருக்கிறது. கெர்னல் 2.6.32 பதிப்புக் காலத்தில், 2009இல், ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிச் சேர்த்தது. இந்த நிமிடம் மெஷினில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் பார்த்து, மற்றதையெல்லாம் கான்ஃபிக்கிலிருந்து எடுத்துவிடும். அப்படிக் கட்டினால் 19 நிமிடம்தான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கும். புதுக் கெர்னலில் பூட் செய்து எல்லாம் சரி என்று படுத்தேன். மறுநாள் கரண்ட் போயிற்று, கூடவே வீட்டு ரவுட்டரும் போயிற்று. வழக்கம்போல் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டேன். நெட் வரவில்லை. டிமெசெஜில் (கெர்னல் எழுதும் பதிவு) பார்த்தால் போன் செருகப்பட்டது தெரிகிறது, பெயரும் வருகிறது, ஆனால் நெட்வொர்க் இண்டர்ஃபேஸ் எழும்பவில்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டிய நேரத்தில் போன் செருகப்பட்டிருக்கவில்லை. அதனால் டெதரிங்குக்கு வேண்டிய 'ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட்' மாட்யூல் ஏறியிருக்கவில்லை, அதனால் அது கான்ஃபிக்கிலிருந்தே போய்விட்டது. அதே மாதிரி எக்ஸ்ஃபேட்டும் (பென் டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) போயிருந்தது. வாடிக்கையாளர்கள் போட்டோ கொண்டுவரும் பென் டிரைவில் பாதி எக்ஸ்ஃபேட்.

நல்லவேளை, பழைய டெபியன் கெர்னல் கிரப் மெனுவில் (மெஷின் தொடங்கும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் பட்டியல்) அப்படியே இருந்தது. அதில் ஏறி வேலையை முடித்து அனுப்பினேன். பழைய கெர்னலை எப்போதும் அழிக்காதீர்கள். அப்புறம் கான்ஃபிக்கை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் டிவைஸ் டிரைவர்ஸ், நெட்வொர்க், யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்று வரிசையாக இறங்கி அந்த ஆர்என்டிஐஎஸ் மாட்யூலைச் சேர்த்தேன். இப்போதெல்லாம் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரு முறை செருகி எடுத்துவிடுகிறேன்: போன், பிரிண்டர், இரண்டு மூன்று வகை பென் டிரைவ், ப்ளூடூத் ஹெட்செட், பக்கத்து வீட்டு அண்ணனின் புரொஜெக்டர் உட்பட.

டெதரிங் பற்றி இன்னொன்று. கேபிளில் செருகினால் போன் லேப்டாப்பிடமிருந்து சார்ஜும் உறிஞ்சும். என் போனுக்கு 2 வாட்டுக்கு மேல் போகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் போனில் சார்ஜ் இருந்தால் வைஃபை ஹாட்ஸ்பாட் போடுவதே மேல்.

சரி, பவர் மேனேஜ்மெண்ட். மெனுகான்ஃபிக்கில் 'பவர் மேனேஜ்மெண்ட் அண்ட் ஏசிபிஐ ஆப்ஷன்ஸ்' என்று ஒரு தனி மெனு. ஏசிபிஐ என்பது 1996இல் இண்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்த விதிமுறை. மெஷினின் பயாஸ் (மெஷினிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) ஒரு அட்டவணை கொடுக்கும், அதைப் படித்துத்தான் கெர்னல் எதை எப்போது தூங்க வைக்கலாம் என்று தெரிந்துகொள்கிறது. இந்த மெனுவில் சஸ்பெண்ட், ஹைபர்னேஷன், சிபியு ஐடில், சிபியு ஃப்ரீக்வென்சி எல்லாம் வரும். இதில் பெரும்பாலானவற்றை டெபியன்காரர்கள் ஏற்கெனவே போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். திங்க்பேடுக்கென்று தனியாக உள்ள 'திங்க்பேட் ஏசிபிஐ' மாட்யூலும் அப்படியே. அதை மட்டும் விட்டுவிடக்கூடாது, பேட்டரி சார்ஜ் எல்லை அதன் வழியாகத்தான் வருகிறது.

கம்பைல் செய்ததால் நேரடியாக மிச்சமான கரண்ட் மிகக் கொஞ்சம், அளந்தால் 0.2 வாட்கூடத் தேறாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் கொடுத்தது ஏஎஸ்பிஎம் கொள்கை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள் சும்மா இருக்கும்போது தூங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அது. 'டிஃபால்ட்' என்பதிலிருந்து 'பவர்சூப்பர்சேவ்' என்று மாற்றினேன். இதைக் கம்பைல் செய்யாமலே ஓடும் மெஷினில் மாற்றிப் பார்க்கலாம், பிடித்திருந்தால் கான்ஃபிக்கில் நிரந்தரமாக்கலாம். பவர்டாப் (எது எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று காட்டும் நிரல்) திறந்து ஐடில் பக்கத்தைப் பார்த்தால் முன்பு சிபியு பேக்கேஜ் பிசி3க்குக் கீழே இறங்கவே இல்லை; எண் கூடக் கூடத் தூக்கம் ஆழம். மாற்றியபின் பாதிக்கு மேல் நேரம் பிசி8இல் இருக்கிறது. ஒரே ஒரு சின்ன சாதனம் விழித்திருந்தாலும் சிபியு முழுசாகக் கண்ணயராது, கைக்குழந்தை உள்ள வீடு மாதிரி. நான் பயன்படுத்தாத கார்டு ரீடரை பயாஸிலேயே மூடிவிட்டேன்.

இவ்வளவும் செய்தபின் சும்மா இருக்கும்போது 4.6 வாட், இங்க்ஸ்கேப் (பத்திரிகை வடிவமைக்கும் நிரல்) திறந்து வேலை செய்தால் 7இலிருந்து 8. இப்படி மிச்சமானதில் திரை வெளிச்சத்தை முழுசிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தது மட்டுமே கிட்டத்தட்ட 2 வாட். கெர்னல் பக்கமே போக விரும்பாதவர்கள் அதை மட்டும் செய்தாலும் பலன் தெரியும்.

ஆனால் இந்த ஐந்து மாதத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்த வாட் கணக்கெல்லாம் இல்லை, ஹைபர்னேட். மூடினால் எஸ்3 தூக்கம், அதில் ராமுக்கு மட்டும் கரண்ட் போகும், 8 மணி நேரத்துக்கு 4 சதவீதம் குறைகிறது. 2020க்குப் பின் வந்த பல லேப்டாப்பில் எஸ்3யே கிடையாது, அதுவும் நான் பழைய மாடல் வாங்கியதற்கு ஒரு காரணம். ஹைபர்னேட் என்றால் ராமில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். அதற்கு டிஸ்கில் 16 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் ஒதுக்கினேன். முதலில் 'லாக்டவுன்' என்று சொல்லி மறுத்தது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் ஏற விடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் டெபியன் கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. நானே கட்டிய கெர்னலுக்கு எப்படியும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருந்தது, இரண்டும் ஒரே வேலையில் முடிந்தது. இப்போது மூடி ஒரு மணி நேரம் ஆனதும் தானாக ஹைபர்னேட்டுக்குப் போகிறது. பேட்டரி தீரப்போனாலும் அப்படியே. எழுத 10 விநாடி.

போன மாதம் ஒரு திருவிழா நோட்டீஸ், உபயதாரர் பெயர் மட்டும் 140க்கு மேல். பாதிப் பெயரில் இருக்கும்போது பேட்டரி முடிந்து தானே அணைந்தது. மறுநாள் காலை கரண்ட் வந்து திறந்தால் 87ஆவது பெயருக்குப் பின்னால் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சார்ஜ் எல்லை பற்றி எல்லோரும் சொல்வது 80 சதவீதத்தில் நிறுத்து என்று. எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு அது சரி. எங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மெஷினில் முதலில் தீர்வது பின் பேட்டரி, அதற்குப் பிறகுதான் உள் பேட்டரி. ஆகவே உள் பேட்டரி பெரும்பாலான நாள் நிரம்பியே கிடக்கும், சித்திரை வெயிலில் நிரம்பிக் கிடக்கும் லித்தியம் சீக்கிரம் கிழடாகும். அதனால் பேட்-0க்கு எல்லை 80, தினமும் காலியாகும் பேட்-1க்கு 100. 65 வாட் சார்ஜரில் நாலு மணி நேரத்துக்குள் இரண்டும் நிரம்பிவிடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மாடியில் சோலார் வைத்திருக்கிறார். அவருடைய 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காரில் போடும் யூஎஸ்பி-சி சார்ஜர் வழியாகவும் சார்ஜ் ஏறுகிறது, இன்வெர்ட்டரே வேண்டாம்.

பிடிக்காதது: திரை மங்கல். கலர் பார்த்து ப்ரூஃப் ஒப்புக்கொள்ள இது ஆகாது, அச்சகத்தில் ஒரு தாள் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேட்டரியோடு கனமும் இருக்கிறது. விரல்ரேகை ரீடரை டெபியன் சும்மா விட்டுவிட்டது, நானும் தேடவில்லை.

வீட்டில் தினமும் கரண்ட் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த மாடலைத் தைரியமாக வாங்கலாம், பேட்டரி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கெர்னல் கட்டுவது கட்டாயமில்லை. பவர்டாப், ஏஎஸ்பிஎம், ஹைபர்னேட், சார்ஜ் எல்லை, இந்த நாலையும் டெபியன் கெர்னலிலேயே அமைக்கலாம், ஹைபர்னேட்டுக்கு மட்டும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். கட்டினால் எந்த மாட்யூல் எதற்கு என்பது கையில் நிற்கிறது, ஏதாவது நின்றுபோனால் எங்கே தேடுவது என்று தெரிகிறது. எனக்கு அது வேண்டியிருந்தது, ஏனென்றால் இந்தத் தெருவில் நான்தான் மெக்கானிக்கும்.

6.12 வரிசையில் புதுத் திருத்தம் ஒன்று வந்திருக்கிறது. பழைய கான்ஃபிக்கை வைத்து 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' ஓட்டினேன், புதிதாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாளை எங்களுக்கு 9 மணிக்குக் கரண்ட். முதல் 20 நிமிடம் கம்பைலுக்கு, அப்புறம் பங்குனி உத்திர நோட்டீஸ்.