வாஷிங் மெஷின் சத்தத்துக்கு 5,400 ரூபாய் கொடுத்தோம், உள்ளே இருந்தது ஒரு ரூபாய்க் காசு

கோவையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு நெட்டில் நம்பர் தேடி ஆள் கூப்பிடுகிறவர்கள், கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்த ஆள் வந்து போன அன்று ராத்திரி என் மாமியாருக்கு ஷாக் அடித்தது. அதுதான் என்னை எழுத வைக்கிறது.

எங்களுடையது 7 கிலோ ஃபிரண்ட் லோடு, ஆறு வருஷப் பழசு. போன மாதம் திடீரென்று சத்தம். துவைக்கும்போது ஒன்றுமில்லை. தண்ணீர் வெளியே போகும்போதும், கடைசியில் டிரம் வேகமாகச் சுற்றும்போதும் கடகடகடவென்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல. பள்ளிக்கூடம் திறந்த வாரம், யூனிஃபார்ம் குவிந்து கிடந்தது. போனில் கம்பெனி பேரைப் போட்டு "சர்வீஸ் சென்டர் கோவை" என்று தேடினேன். மேலே வந்த பக்கத்தில் கம்பெனி லோகோ இருந்தது, நம்பர் இருந்தது. எடுத்த பெண் கம்பெனி பேரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். சந்தேகப்பட எனக்குக் காரணமே இல்லை.

சனிக்கிழமை நான் ஆபீஸில். வீட்டில் அத்தை மட்டும். 11.20க்கு அந்த ஆள் எனக்கு போன் செய்தார். "மேடம், பேரிங் முழுசா போயிருச்சு. இப்படியே ஓட்டினா டிரம் உடைஞ்சு மோட்டார் எரிஞ்சிரும். பேரிங் செட் கையில இருக்கு, இப்பவே மாத்திடலாம். திங்கக்கிழமைன்னா ரேட்டு ஏறிடும்" என்றார். பேரிங் என்பது டிரம் வழுக்கிச் சுற்றுவதற்காக அதன் அச்சைத் தாங்கும் இரும்பு வளையம். பேரிங் செட் 3,900, கூலி 1,100, வந்து பார்த்ததற்கு 400. நான் யோசிக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, அத்தையிடம் போனைக் கொடுத்து அவரையும் பயமுறுத்திவிட்டார். சரி, மாற்றுங்கள் என்றேன். 11.54க்கு 5,400 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். பணம் போனது கம்பெனி பேருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பேருக்கு. அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

பழைய பேரிங் எங்கே என்று அத்தை கேட்டிருக்கிறார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லி எடுத்துப் போய்விட்டாராம். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. "90 நாள் வாரண்டி" என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது.

சாயங்காலம் துணி போட்டேன். அதே கடகட. போன் செய்தால், "புது பேரிங் செட் ஆக நாலு நாள் ஆகும் மேடம்" என்றார். ராத்திரி ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று அத்தை மெஷின் கதவைத் திறந்தவர், "அம்மா!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். முழங்கை வரை சுரீரென்றது என்றார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அந்த மெஷின் அப்படிச் செய்ததில்லை. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் அதே நம்பருக்கு அழைத்தேன். ரிங் போனது, கட் ஆனது. அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். என் பிள்ளைகள் அவரை அப்புச்சி என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவரிடம் போய்ச் சொன்னதும் முதலில் கேட்டது இதுதான்: "பேரிங் நம்பர் என்னன்னு சொன்னானா கண்ணு?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பேரிங்கின் ஓரத்திலேயே நம்பர் அச்சடித்திருக்கும் என்றார். ஃபிரண்ட் லோடுகளில் பலவற்றில் 6205, 6206 என்ற இரண்டு பேரிங்தான் இருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் நடு ஓட்டையின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும். 6205 என்றால் 25. எந்த பேரிங் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் அது.

அப்புறம் வந்து பார்த்தார். பிளக் வெளியே இருக்கும்போதே டிரம்மைக் கையால் சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது. பேரிங் போயிருந்தால் மணலை அரைப்பது போலக் கையில் தெரியும் என்றார். டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு வயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எர்த் வயர். அந்த ஆள் தகட்டைக் கழற்றியபோது அதையும் கழற்றியிருக்கிறார், திரும்ப முடுக்கவில்லை. மெஷினுக்குள் கரண்ட் வரும் இடத்தில் இருக்கும் ஃபில்டர் (தண்ணீர் ஃபில்டர் இல்லை) வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் மெஷினின் இரும்பு உடம்புக்குக் கசியும், அது எர்த் வழியாகப் போய்விடுவதால்தான் நமக்குத் தெரிவதில்லை என்று அப்புச்சி விளக்கினார். எர்த் இல்லாவிட்டால் அது மெஷின் உடம்பிலேயே நிற்கும். உள்ளே நிஜமாக ஒரு வயர் தேய்ந்து உடம்பைத் தொட்டிருந்தால் அத்தையின் கதி என்ன? இன்னும் எனக்கு அதை நினைத்தால் நடுங்குகிறது.

பிறகு நடுவிலிருந்த பெரிய புல்லி சக்கரத்தைக் காட்டினார். அதன் போல்ட்டைக் கழற்றாமல் பேரிங் பக்கமே போக முடியாதாம். அந்த போல்ட் தலையில் ஆறு வருஷத்துத் துருவும் தூசியும் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளம் ஒரு கீறல்கூட இல்லை. ஃபிரண்ட் லோடில் பேரிங் மாற்ற வேண்டுமென்றால் மேல் மூடி, முன் தகடு, கதவு ரப்பர், கான்கிரீட் எடைக்கட்டிகள், மோட்டார் எல்லாம் கழற்றி, டிரம்மைச் சுற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டியான டப்பை வெளியே எடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில மாடல்களில் டப் ஒட்டியே வந்திருக்கும், பிரிக்கவே முடியாது. வேலை தெரிந்தவருக்கே மூன்று நாலு மணி நேரம் பிடிக்கும். என் கால் லிஸ்ட்டில் 11.20, யுபிஐ ரசீதில் 11.54. முப்பத்து நாலு நிமிஷம்.

எர்த் வயரை அதன் இடத்தில் முடுக்கி, தகட்டை மூடி, சுவிட்ச் போர்டிலும் எர்த் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகுதான் மெஷினை ஆன் செய்ய விட்டார். தண்ணீரை மட்டும் வெளியேற்றும் புரோகிராம் ஒன்று இருக்கிறதல்லவா, சுற்றல் இல்லாமல், அதைப் போடச் சொன்னார். டிரம் அசையாமல் நின்றது. சத்தம் மட்டும் கடகடவென்று வந்தது! ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கீழ்ப்பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "டிரம்மே சுத்தலயே கண்ணு, அப்புறம் பேரிங் எங்கிருந்து கத்தும்? இது பம்பு" என்றார். சுற்றும்போதும் பம்ப் ஓடும், துணியில் பிழிந்த தண்ணீர் வெளியே போக வேண்டுமே. அதனால்தான் நான் டிரம் சத்தம் என்று நினைத்திருக்கிறேன்.

மீதி வேலையை என்னையே செய்யச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கினேன். மெஷினின் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் ஃபில்டர் திருகு. கீழே ஒரு தட்டும் பழைய துண்டும் வைத்து, இடப்பக்கமாக மெதுவாகத் திருகினால் உள்ளே தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வரும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை தொடாதீர்கள். எங்களுக்கு இரண்டு தட்டு நிறையக் கலங்கல் தண்ணீர் வந்தது. ஃபில்டரை வெளியே இழுத்தேன். முடியும் நூலும் சேர்ந்து திரியாய்ச் சுற்றியிருந்தது, அதில் சேலை ஊக்கு ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. விரலால் எடுத்தேன். விசிறியைச் சுற்றிப் பார்த்தால் விட்டு விட்டுத் தடுக்கியபடி சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்குமாம், அது பழுது இல்லை. ஃபில்டரைக் கழுவித் திரும்பத் திருகி மாட்டினேன். மொத்தம் இருபது நிமிஷம். மெஷின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. தொட்டால் ஷாக்கும் இல்லை.

பேரிங் நிஜமாகவே போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது சத்தம் டிரம் வேகத்தோடு கூடவே ஏறும், கடைசிச் சுற்றலில் விமானம் கிளம்புவது போல இருக்கும். புது மெஷின் குதித்து நகர்ந்தால், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்னால் போட்டிருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றாமலே மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பேரிங், போர்டு, வயரிங் எல்லாம் நாம் கை வைக்கிற வேலை இல்லை. ஆனால் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதும், டிரம்மைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் யாரும் செய்யலாம். யாரையும் கூப்பிடுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்.

ஆள் வந்தே ஆக வேண்டுமென்றால், நம்பரை மெஷினோடு வந்த புத்தகத்திலோ மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பாருங்கள். எங்கள் மெஷினின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஆறு வருஷமாக இருக்கிறது, சுவர்ப்பக்கம் திரும்பி இருந்ததால் பார்க்கவில்லை. அதிலிருந்த நம்பருக்கு அழைத்தேன். அப்படி ஒரு ஆளையே அனுப்பவில்லை என்றார்கள். பழைய பார்ட் உங்கள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஆள் வரச் சொல்லாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். போலி சர்வீஸ் சென்டர் என்பதால் சைபர் குற்றத்துக்கான 1930லும் சொல்லியிருக்கிறேன். துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, கால் லிஸ்ட், துருப்பிடித்த அந்த போல்ட்டின் போட்டோ நாலையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை பணம் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எழுதுகிறேன்.