பழைய காரை விற்க: புரோக்கரா, ஆப்பா, நேரடியா?

2012 மாடல் வேகன்-ஆரை விற்றுவிடலாம் என்றதும் வீட்டில் மூன்று கட்சிகள் முளைத்தன. அப்பா புரோக்கர் கட்சி, மனைவி ஆப் கட்சி, நான் ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட்டு நேரடியாக விற்கும் கட்சி. மூன்றையும் முயன்று பார்த்தோம்.

முதலில் ஆப். வீட்டுக்கே ஒருவர் வந்து ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கார்ஸ்24 போன்ற நிறுவனங்கள் 2015 வாக்கில் கிளம்பியபோது கொண்டுவந்த முறை இது: அந்தப் படங்களை வைத்து டீலர்கள் ஏலம் கேட்பார்கள். இணையத்தில் முதலில் காட்டும் தொகையை நம்பி மனக்கோட்டை கட்டாதீர்கள், ஏலத்தில் அது கரைந்துவிடும். பதினைந்து வருடப் பதிவு முடியப்போகிற வண்டி என்றால் இன்னும் கரையும். எங்களுக்கு வந்த விலையைக் கேட்டு மனைவியே கட்சி மாறிவிட்டார். ஆனால் பணம் நேராக வங்கிக்கு வரும், பெயர் மாற்றும் அலைச்சலும் அவர்களுடையது. நேரமில்லாதவர்களுக்கு இதுதான் சரி.

புரோக்கர் சொன்ன விலை பரவாயில்லை. கமிஷன் இரண்டு பக்கமும் வாங்குவார், அதுவும் போகட்டும். "ஃபாரம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், பேரு அப்புறம் எழுதிக்கலாம்" என்றார் பாருங்கள், அங்கேதான் நான் எழுந்துவிட்டேன். வாங்குபவர் பெயரே இல்லாத அந்தப் பெயர் மாற்றத் தாள் நாலு கை மாறும், ஆர்.சி.யில் மட்டும் நம் பெயர் அப்படியே இருக்கும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் நடந்தது இதுதான். 2007இல் விற்ற கார் பல கை மாறி 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒரு வழி உண்டு. போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, அதைத் துறையின் தளத்தில் பதிந்துவிட்டால், அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். எங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். டீ சாப்பிடுகிறீர்களா என்றார்.

மிச்சம் நேரடி விற்பனை. விலை இதில்தான் அதிகம், தலைவலியும் இதில்தான். முதல் நாள் முழுக்க "லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?" தான். இரண்டாம் நாள் ஒருவர், தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வண்டியைப் பார்க்காமலே அட்வான்ஸ் தருவதாகவும் சொல்லி க்யூஆர் அனுப்பினார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். அவரை பிளாக் செய்தேன்.

நான்காம் நாள் வந்தவர் கூடவே மெக்கானிக்கையும் அழைத்து வந்தார். மெக்கானிக் கதவின் ரப்பர் பீடிங்கைப் பிதுக்கி வெல்டிங் தடயம் தேடினார். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தார். டயரைக் காட்டிப் பத்தாயிரம் குறைத்தார். நியாயம்தான். அப்படியும் ஆப் சொன்ன விலையைவிட நாற்பதாயிரம் கூடுதல்.

எனக்கு இதுவே பிடித்தது. ஆனால் ஒரு நாள் லீவு போட்டு வாங்குபவரோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகத் தயாராக இருந்தால் மட்டும். சட்டப்படி விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும், நாங்கள் அந்த வாரமே முடித்தோம். சாவி கொடுத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இன்ஷூரன்ஸின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி, வண்டியோடு போகாது, நமக்கே சொந்தம். அதற்கும் சான்று வாங்கி வைத்தேன்.

ஃபாஸ்டேக்கை மூடத்தான் மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை பரனூர் சுங்கச்சாவடியில் பணம் கழிந்ததாக என் போனுக்குச் செய்தி வந்தது. புது ஓனர் குடும்பத்தோடு மேல்மருவத்தூர் போய்க்கொண்டிருந்தார்.