80 பேர்ச் வர்த்தகக் காணி: கடையா, தொடர்மாடியா, இரண்டும் சேர்த்தா?

திருகோணமலையில் வர்த்தகக் காணியில் வீடும் கட்ட இடம்விடும் வலயமாற்றப் பேச்சு (வலயம் என்பது ஒரு காணியில் எதைக் கட்டலாம் என்ற வகுப்பு) எழும்போதெல்லாம் கூட்டத்தில் முதலில் விரிப்பது ஒரு வண்ணப்படம்தான். வெள்ளைச் சுவர், பல்கனியில் பூச்சாடி, பின்னால் நீலக்கடல். அதைப் பார்த்தே பாதிப்பேர் ஒரு பக்கமும் மீதிப்பேர் மறுபக்கமும் போய்விடுகிறார்கள். ஆனால் வலயம் மாறுவது காணிக்கு. மாறிய மறுநாளே சொந்தக்காரர் உறுதியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவர் அந்த வலயத்தில் அனுமதியுள்ள எதையும் கட்டக் கேட்கலாம். படம் அதற்குள் எங்கோ போயிருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு தெரிவையும், அந்தப் பெயரில் வரக்கூடிய ஆக மோசமான கட்டடத்தை மனதில் வைத்தே அளந்திருக்கிறோம்.

கணக்குக்கு ஒரு மாதிரிக் காணி: நகருக்குள், முன்பக்கம் பிரதான வீதி, பின்பக்கம் 12 அடி ஒழுங்கை, பரப்பு 80 பேர்ச். அதாவது அரை ஏக்கர், ஏறத்தாழ 2,023 சதுர மீற்றர். கட்டடம் நிலத்தில் பிடிப்பது 1,000 சதுர மீற்றர். வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் தண்ணீர், அதில் நூற்றுக்கு எண்பது கழிவுநீராகத் திரும்பும் என்று பிடித்திருக்கிறோம். கடைகளுக்கான எண்கள் மதிப்பீடுதான்.

| | கடையாகவே | முழுத் தொடர்மாடி | கீழே கடை, மேலே வீடு | துண்டு போட்டு விற்பது |
|---|---|---|---|---|
| கட்டடம் | தரை + 1 | தரை + 4, 40 வீடு | தரை + 3, 30 வீடு | 6 பேர்ச் துண்டு 10 |
| தண்ணீர் (லீற்றர்/நாள்) | 4,000 | 19,200 | 16,000 | 4,800 |
| கழிவுநீர் (லீற்றர்/நாள்) | 3,200 | 15,400 | 12,800 | 3,800 |
| வாகனத் தரிப்பு | 15 முதல் 20, லொறி வேறு | 40 | 30, கடைக்கு 8 | 10 |

கடையாகவே விட்டால்

"இருக்கிறபடி இருக்கட்டும்" என்பவர்களின் கண்ணில் நிற்பது இன்று ஆடு மேயும் வெறும் வளவு. அப்படியொரு தெரிவு மேசையிலேயே இல்லை. வர்த்தக வலயத்துக் காணியில் கடைத்தொகுதிக்கு விண்ணப்பிக்கலாம். களஞ்சியம், கராஜ், எரிபொருள் நிலையம், கலியாண மண்டபம் என்றும் விண்ணப்பிக்கலாம். மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 600 விருந்தினர், ஆளுக்கு 20 லீற்றர் என்றால் ஒரே மாலையில் 12,000 லீற்றர். நாளுக்கு 3,200 லீற்றருக்கு அளவெடுத்துக் கட்டிய செப்டிக் டேங்கில் அது பாய்ந்தால் அடியில் தங்க வேண்டிய மண்டி கலங்கி, டேங்க் நீர் மண்ணில் ஊறிப்போகும் ஊறுகுழிக்குள் போகும். குழியின் மணல் ஒருமுறை அடைபட்டால் பிறகு கழுவித் திறக்க முடியாது. புதுக்குழிதான் வெட்ட வேண்டும்.

நல்ல பக்கமும் உண்டு. சாதாரணக் கடைத்தொகுதி இரவு எட்டு மணிக்கு அடங்கிவிடும். தண்ணீர் குறைவு. கடைக்கான ஆதன வரி வீதம் பெரும்பாலும் வீட்டுக்கானதைவிடக் கூட என்பதால் உள்ளூராட்சி சபைக்கும் வருமானம். வலயத்தை மாற்றுவதானால் அந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும். கூட்டங்களில் அதை யாரும் எழுதிக் கண்டதில்லை.

முழுத் தொடர்மாடி

உயரம், நிழல், "எங்கள் முற்றம் தெரியும்" என்ற மூன்றையும் சுற்றியே வாக்குவாதம் நடக்கிறது. உண்மையில் கட்டடம் சறுக்கும் இடம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

40 வீட்டின் 15,400 லீற்றர் கழிவுநீர் எங்கே போகும்? வீதியில் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் எல்லாம் வளவுக்குள்ளேயே முடிய வேண்டும். ஒரு நாள் தங்கலும் மூன்று வருட மண்டிக்கான இடமும் சேர்த்தால் டேங்க் 35 கன மீற்றராவது வேண்டும். அதற்குப் பிறகு ஊறுநிலம். ஒரு சதுர மீற்றர் மணல் நாளுக்கு 50 லீற்றர் உறிஞ்சும் என்று தாராளமாகவே பிடித்தாலும் 300 சதுர மீற்றருக்கு மேல் தேவை. அந்த இடத்தின் மேல் வாகனமும் நிற்கக் கூடாது, கொங்கிறீற்றும் போடக் கூடாது. படத்தில் அது புல்தரையாகத் தெரியும்; கட்டி முடிந்ததும் இன்ரலொக் கல் பதித்துத் தரிப்பிடமாக்கிவிடுவார்கள்.

இந்தக் கணக்கும் கோடையில் மட்டுமே சரி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மாரியில், தாழ்ந்த வளவுகளில் நிலத்தடி நீர் குழியின் அடியைத் தொட்டுவிடும். அப்போது உறிஞ்சல் பூச்சியம். கழிவு ஏற்றும் பவுசர் ஒன்று 5,000 லீற்றர் கொள்ளும் என்றால் நாளுக்கு மூன்று நடைக்கு மேல், அதுவும் ஒவ்வொரு நாளும். எந்தக் குடியிருப்பும் அதற்கு நீண்ட நாள் பணம் கட்டாது. பிறகு இரவில் ஒரு குழாய் மெதுவாகக் கானுக்குள் திறக்கும். கான் போய்ச் சேருவது கடலுக்கோ களப்புக்கோ.

அதனால் இந்த அளவுக் கட்டடத்துக்குச் சிறிய சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் என்றே எழுத வேண்டும். அதிலும் பழுது வரும் இடம் தெரிந்ததுதான்: காற்று ஊதும் இயந்திரம் நின்றால் ஓரிரு நாளில் நுண்ணுயிர் செத்து நாற்றம் தொடங்கும். பெரும்பாலும் ஜெனரேற்றர் இணைப்பு லிப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போயிருக்கும், ஊதிக்குப் போயிருக்காது. வரைபடத்தில் அந்த ஒரு கம்பியைத் தேடிப் பாருங்கள்.

குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அதே குளம் வயலுக்கும் உண்டு. கட்டடம் நிலக்கீழ்த் தொட்டியில் இரவில் நிரப்பி மேலே ஏற்ற வேண்டும். ஒரு நாள் தேவைக்கு 20 கன மீற்றர், இரண்டு நாள் வைத்தால் நிம்மதி. தொட்டி சிறிதானால் அடுத்துக் கேட்பது குழாய்க்கிணறு. கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேல் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உவர் நாற்பது அடி வரை ஏற வழி உண்டு என்பதே நீரியல் கணக்கு. முதலில் உவர்ப்பது கட்டடத்தின் கிணறாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வளவில் முப்பது வருடமாக இறைத்த கிணறாகவும் இருக்கலாம்.

மழைநீர் இதைவிட எளிய கணக்கு. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டினால் இந்த வளவில் விழுவது ஏறத்தாழ 200 கன மீற்றர். வெறும் மணலில் பெரும்பகுதி ஊறிப்போகும். முழுக்கக் கல் பதித்தால் பெரும்பகுதி வீதிக்கு வரும். வளவுக்குள் மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் 40 கன மீற்றர் தாங்குதொட்டி கேட்பது நியாயமான கோரிக்கை.

இனி, கட்டி விற்ற பிறகு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வதன்படி, கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டுவது) பதிவானதும் வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிறது. லிப்ட், பம்ப், சுத்திகரிப்பு, வர்ணம் எல்லாம் அதன் தலையில். சட்டத்தில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஊரில் நடப்பது வேறு: வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாட்டில் இருப்பார்கள், வீடு வருடத்தில் பதினொரு மாதம் பூட்டு. மாதக் கட்டணம் நிலுவையாகும். 40இல் 15 வீடு கட்டாவிட்டால் மீதி 25 வீட்டுக்காரர் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டும், அல்லது லிப்ட் நிற்கும். முதல் இரண்டு வருடப் பராமரிப்புப் பணத்தைக் கட்டுபவரே முன்கூட்டி வைப்பிலிட வேண்டும் என்று கேளுங்கள். உப்புக்காற்றில் வெளிக்கம்பிக்கு 40 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூடல் இல்லாவிட்டால் பத்து வருடத்தில் பல்கனி அடியில் துரு வெடிக்கும். அதற்கும் இதே உண்டியல்தான்.

யார் குடிவருவார்கள் என்ற பேச்சும் திருகோணமலையில் இல்லாமல் இல்லை. ஆட்சேபனைக் கடிதத்தில் அதற்குப் பெறுமதி கிடையாது. எழுதினால் கடிதத்தின் மற்றப் பந்திகளும் அதனோடு ஒதுக்கப்படும். தண்ணீரை எழுதுங்கள்.

கீழே கடை, மேலே வீடு

எங்கள் பார்வையில் பிரதான வீதிக் காணிக்கு இதுவே பொருத்தம். ஆனால் எல்லோரும் "சமரசம்" என்று தலையாட்டும் இந்தத் தெரிவில்தான் ஏமாற்றும் அதிகம். ஒரு காருக்கு 2.4 × 4.8 மீற்றர், திரும்பும் வழியும் சேர்த்து 25 சதுர மீற்றர். 40 வீட்டுக்கு 1,000 சதுர மீற்றர்; அதாவது கீழ்த்தளம் முழுவதும். கடையும் கீழே, காரும் கீழே, வீடு 40 என்று ஒருவர் சொன்னால் மூன்றில் ஒன்று பொய். பெரும்பாலும் கார். அது ஒழுங்கையில் வந்து நிற்கும். வீட்டை 30 ஆகக் குறைத்தால் கார்களுக்கு 750 சதுர மீற்றர். முன்பக்கம் 350 சதுர மீற்றர் கடை போனாலும் கீழ்த்தளத்தில் 650 மிஞ்சும், குறையும் நூறும் கடைக்காரரின் எட்டுத் தரிப்பும் திறந்த வளவில் அடங்கும்.

அடுத்தது கடையின் தரம். அனுமதிக்காகப் பெயருக்குப் போடும் கடைக்கு எட்டடி உயரம். மலசலகூடம் இல்லை, லொறி நிற்க இடம் இல்லை. இரண்டு வருடம் ஷட்டர் இறங்கிக் கிடக்கும். பிறகு "வாடகைக்கு ஆள் வரவில்லை" என்று அதையும் வீடாக்க விண்ணப்பம் வரும். கடை கடையாக ஓட வேண்டுமானால் தள உயரம் 4 மீற்றராவது வேண்டும். சமையல் எண்ணெயைக் குழாய்க்குள் போகவிடாமல் தடுக்கும் கொழுப்புப் பொறித் தொட்டியும், கூரைவரை போகும் தனிப் புகைக்குழாயும், பின்பக்கம் 3.5 × 10 மீற்றர் இறக்குமிடமும் வேண்டும். புகைக்குழாயைப் பிறகு பார்ப்போம் என்றால், கொத்துக்கடை வந்த அன்றே இரண்டாம் மாடிக்காரர் பொலிசில் நிற்பார். வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனி வாசல், தனி மின்மானி, தனி நீர்மானி. வாகன நெரிசல் மட்டும் இங்கே தன்பாட்டில் பிரிந்துகொள்ளும்: வீட்டு வாகனம் காலை ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் பள்ளிக்கூடப் பக்கம் போய்விடும், கடை லொறி ஒன்பதுக்குப் பிறகு வரும்.

துண்டு போட்டால்

ஆறு பேர்ச் என்பது 1,633 சதுர அடி, கிட்டத்தட்ட 40 அடிச் சதுரம். கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு அதற்குள் வீட்டோடு சேர்த்து அடங்குவது கடினம்; உங்கள் குழி அயலவரின் கிணற்றுக்கே பக்கமாக விழும். குழாய்நீர் உறுதியாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்து வீதம் பொது வெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பதால், பெரிய காணியைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து பிரிக்கும் பழக்கமும் உண்டு.

இடத்துக்கு இடம்

உவர்மலைப் பக்கம் பாறை மேலோட்டமாக இருக்கும் வளவில் ஊறுகுழி வேலை செய்யாது. கழிவுநீர் சரிவில் கீழ்வீட்டு மதிலால் கசியும். உப்புவெளி மணலில் நன்றாக ஊறும், அதே வேகத்தில் கிணற்றையும் சேரும். மட்டிக்களிக் களப்பை அண்டிய தாழ்நிலத்தில் மாரி நீர்மட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நகரம் உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கி நிற்பதால் பல வளவுகள் கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வரும். அங்கே 1981ஆம் ஆண்டுக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் தனி அனுமதியும் வேண்டும்.

ஒன்றை எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள்: காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுப் பிரதி. அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் தொடர்மாடி வீட்டுக்குத் தெளிவான உறுதி பிறக்காது. மேலே சொன்ன விவாதம் எதுவும் தேவையில்லை.

ஆட்சேபனை எழுதுவதானால்

நகர அபிவிருத்தி அதிகார சபை அபிவிருத்தித் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்தால் அறுபது நாள் அவகாசம். அந்த அறுபதில் முதல் வாரத்திலேயே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின்படி விண்ணப்பம் போடுங்கள். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு: உத்தேச வலய ஒழுங்குவிதி, நீர் வழங்கல் சபையின் கடிதம், மண் ஊறல் சோதனை எந்த மாதத்தில் செய்தது, வடிகால் வரைபடம். சோதனை ஓகஸ்டில் செய்திருந்தால் டிசம்பரில் மறுபடி செய்யக் கேட்பதே உங்கள் முதல் பந்தி. இரண்டாவது பந்தியில் வீட்டு எண்ணிக்கையின் உச்சவரம்பு, கீழ்த்தளக் கடைப் பரப்பு, சுத்திகரிப்பு நிலையம், தாங்குதொட்டி ஆகியவற்றை வலய ஒழுங்குவிதியிலேயே எண்ணோடு எழுதக் கேளுங்கள். கட்டட அனுமதியில் மட்டும் எழுதினால் அது அந்தக் கட்டடத்தோடு போய்விடும். அடுத்து வருபவர் புதிய அனுமதி எடுப்பார். மூன்றாவது, அனுமதித்தபடியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை யாரையும் குடியேற்றக் கூடாது என்பது.

கையெழுத்து இருநூறு சேர்ப்பதைவிட, பக்கத்துக் கிணறுகள் பத்தின் நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் அடிக்கணக்கில் அளந்து இணைப்பது பயன். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அறுபதாவது நாள் ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.